பொட்டலத்தின் இடது கால்

பி.டி. மாஸ்டர் தன் வாழ்நாளில் எவரையும் உட்காரச் சொன்னதில்லை. முப்பத்தோரு வருடமாகப் பள்ளி மைதானத்தில் அவர் சொல்லிவந்ததெல்லாம் ஓடு, குதி, முட்டியைத் தூக்கு, இன்னும் மேலே. அப்படிப்பட்டவருக்குத்தான், ஒரு ஜீவனை ஓடவிடாமல், குதிக்கவிடாமல், படியேறவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இந்தக் கோடை விடுமுறையில் வந்து சேர்ந்தது.

ஜீவன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலரைக் கிலோ நாய். மேற்படிப்புக்குப் போன மகள் அதை ஒரு துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்து, "ரெண்டே மாசம்ப்பா, வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டு மாசத்துக்கு இப்போது நாலு வயது. துண்டில் வந்ததால் பெயர் பொட்டலம். மாஸ்டருக்கு நாய் பிடிக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பொட்டலத்துக்கும் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் அவர் செருப்பின் மேல்தான் தலைவைத்துத் தூங்கியது.

அதன் வலது பின்னங்காலில் முட்டிச்சில்லு இடம் விட்டு விலகிப்போய், ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்தார்.

"ஆறு வாரம் சார். சோபா கூடாது, படி கூடாது, வழுக்கற தரை கூடாது. ஒரே ஒரு தடவை குதிச்சாலும் உள்ள வெச்ச கம்பி பேந்துடும். மறுபடி செஞ்சா இவ்வளவு நல்லா வராது. அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல்தான்."

நாய் பிடிக்காத மாஸ்டர் அந்தத் தாளை வீட்டுக்கு வருவதற்குள் நான்கு தடவை படித்தார்.

அவர் மனைவிக்கு நூலகத்தில் வேலை. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். "உங்களுக்குத்தான் லீவாச்சே" என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். பொறுப்பு கைமாறிவிட்டது.

முதல் வாரத்தில் வீடு உருமாறியது. சோபாவைச் சுவர் பக்கம் திருப்பியாயிற்று. கட்டில் கால்களைக் கழற்றியதில் மெத்தை தரைக்கு வந்தது. பள்ளியிலிருந்து உடற்பயிற்சிப் பாய்கள் ஆறு வந்து கூடத்தை மூடின. மனிதர்களெல்லாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட, பொட்டலம் தையலை நக்காதபடி கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் புனலோடு தன் கம்பித் தடுப்புக்குள் மெத்தை மேல் சாய்ந்துகொண்டு அவர்களைப் பார்த்தது. மாத்திரையை அவித்த முட்டைக்குள் ஒளித்துக் கொடுத்தால், முட்டையை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையை நக்கித் துடைத்துப் பாயில் வைக்கும். வெளியே கொண்டுபோகும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் முதுகு வளைந்து, பை தூக்குபவரைப்போல நாயைத் தெருவில் நடத்திச் செல்வார். அது நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் புல்லை மோந்துவிட்டு, வீட்டுக்குள் வந்து பாயில் போகும்.

"ஏன், வெளியில இடமில்லையா உனக்கு?" என்பார் மாஸ்டர். பொட்டலம் புனலுக்குள்ளிருந்து பார்க்கும்.

தினம் மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து தடவை காலை மடக்கி நீட்ட வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவர் மைதானக் குரலில் எண்ணுவது மாடிவரை கேட்கும். மாடியில் குடியிருந்தவன் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். படியில் நின்று எட்டிப் பார்ப்பான்.

"மாமா, அது லீவ் லெட்டர் குடுத்துச்சா?"

"உன் வேலையைப் பாரு மாப்ள."

"இல்ல, நீங்க லெட்டரையே நம்ப மாட்டீங்களே, அதான்."

அது உண்மை. மாஸ்டர் ஊரறிந்த நொண்டல் நிபுணர். கால் வலி என்று யாராவது வந்தால் எந்தக் கால் என்று கேட்டு, அந்த ஷூவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஓரமாக நிற்க வைப்பார். அரைமணி கழித்துக் கூப்பிடுவார். கோடு ஒரு காலில் இருக்கும், நொண்டல் இன்னொரு காலில் இருக்கும். பிடிபட்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு சுற்று ஓட்டம். இந்த முறையில் தான் தவறியதே இல்லை என்பது அவர் கணக்கு. ஓடியவர்களை யாரும் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம் தினம் இருவேளை ஐந்து நிமிட நடைக்கு அனுமதி கிடைத்தது. துண்டு இல்லை, வாரை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். முதல் நாளே, தெருமுனைக்குப் போவதற்குள் பொட்டலம் ஒரு காலைத் தூக்கி மூன்று எட்டு நொண்டியது. பிறகு காலை ஊன்றிச் சாதாரணமாக நடந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். தூக்கியது இடது கால்.

அவர் முகம் மலர்ந்தது. அந்த விடுமுறையிலேயே முதல்முறையாகத் தனக்குத் தெரிந்த தொழில் கண்முன் வந்து நின்றிருக்கிறது.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். "ஆபரேஷன் பண்ணது வலது. நொண்டறது இடது. கோடே போடாம பிடிச்சிட்டேன்."

"நாய் எதுக்குங்க நடிக்கப்போகுது?"

"முட்டைக்கு. இப்பப் பாரு." எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தார். தடுப்புக்குள் பொட்டலம் நாலு காலையும் ஊன்றி எழுந்து நின்று வாலை ஆட்டியது. "வலியிருந்தா இப்படி நிக்குமா?"

"எனக்கென்னமோ டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு தோணுது."

"இதுக்குப் போய் கேட்டா சிரிப்பாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன் நான்."

கேட்கவில்லை. ஆனால் எழுதினார். மாத்திரைக்காக வைத்திருந்த நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினார். "காலை 7.10, சிமென்ட் தரை, இடது பின்னங்கால், மூன்று எட்டு, நடிப்பு." "மாலை 5.40, புல்தரை, இடது பின்னங்கால், ஐந்து எட்டு, ஊன்றும் முன் காலைப் பின்னால் ஒரு உதறு, நடிப்பு." பத்து நாளில் இருபத்துமூன்று பதிவு. நடிப்புக்குரிய தண்டனையும் தந்தார். ஐந்து நிமிட நடை ஏழு நிமிடமாயிற்று.

ஆறாவது வாரக் கடைசியில் மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். பொட்டலம் மனைவியின் மடியில், நோட்டு மாஸ்டரின் மடியில். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வலது கால் பிரமாதமா கூடியிருக்கு. நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்காமலே நோட்டை நீட்டினார். டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, முழுக்கப் படித்துவிட்டு, நோட்டைக் கீழே வைத்தார். பொட்டலத்தின் இடது முட்டியை இரண்டு விரலால் மெல்ல நகர்த்தினார். சில்லு வெளியே போனது. விட்டார். உள்ளே வந்தது.

"இதுவும் நழுவுது. சில்லு வெளிய போறப்ப காலைத் தூக்கிடும். ஒரு உதறு உதறினா உள்ள வந்துடும், சாதாரணமா நடக்கும். பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும்." நோட்டை மறுபடி எடுத்தார். "எல்லாரும் 'என்னமோ நொண்டுது டாக்டர்'னு வந்து நிப்பாங்க. மணி, தரை, எத்தனை எட்டுன்னு இப்படி யாரும் எழுதிட்டு வந்ததில்ல. எல்லா வரியிலயும் கடைசி வார்த்தைதான் புரியல."

"அது இவரோட டயக்னோசிஸ் டாக்டர்" என்றாள் மனைவி.

மாஸ்டர் கையை நீட்டி நோட்டை வாங்கி மூடினார். "நான் ரெண்டு நிமிஷம் அதிகமா நடக்க வெச்சேன்" என்றார். மைதானக் குரல் எங்கேயோ போயிருந்தது. "அதனாலயா வந்துச்சு?"

"இல்ல சார், பிறவியிலயே அப்படி. ஆனா இனிமே வேண்டாம். இப்பத்தான் ஆரம்பம், சீக்கிரம் கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு. இன்னும் ஆறு வாரம் இதே மாதிரி கட்டுப்பாடா இருந்தா, இந்தக் காலுக்குக் கத்தி இல்லாமலே தப்பிக்கலாம்."

ஆறு வாரம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் ஒருநாள்கூட லீவ் எடுக்காத மனிதர் அன்று மாலை தரையில் உட்கார்ந்து லீவ் லெட்டர் எழுதினார். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை நிறுத்திவைத்துவிட்டு, "முழங்கால் சிகிச்சை" என்று எழுதினார். யாருடைய முழங்கால் என்று படிவம் கேட்கவில்லை. மாடிக்காரன் எட்டிப் பார்த்துப் படித்தான். வாயைப் பொத்திக்கொண்டு படியேறினான். சிரிப்பு மாடியில்தான் கேட்டது.

பிறகு மாஸ்டர் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, இருபத்துமூன்று இடத்திலும் கடைசி வார்த்தையை அடித்தார். மனைவி பாயில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தடுப்புக்குள் பொட்டலம் எழுந்து நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஃபிரிட்ஜைப் பார்த்தது. பிறகு வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நொண்டியது.

"இது நடிப்பு" என்றாள் மனைவி.

"அதை நீயும் நானும் சொல்லக்கூடாது" என்றார் மாஸ்டர். நோட்டில் மணியையும் காலையும் எழுதிக்கொண்டு, முட்டை எடுக்க எழுந்தார்.