ஃப்ரீயாக இருக்கிற அக்கா

ஃப்ரீ என்கிற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் பண்ணுகிற அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. கடையில் சோப்பு வாங்கினால் டப்பா ஃப்ரீ. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு ஃப்ரீ. ரெண்டு நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன் கதவைத் திறந்து வெளியே வந்து, "அப்பாடா, ஃப்ரீயா போச்சு" என்கிறான். எவனாவது நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போனால், "ஃப்ரீயா விடு" என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் வருகிறார்கள். இதெல்லாம் போகட்டும். ஒரு பெண்ணைப் பார்த்து "நீ ஃப்ரீதானே?" என்று கேட்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. கேள்வி மாதிரி இருக்கும். இல்லை என்று பதில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எங்கள் தெருவில் துணி தைக்கிற டெய்லரக்காவின் தொழிலில் அது நல்ல சொல்லாகத்தான் இருந்தது. "அக்குள்ல கொஞ்சம் ஃப்ரீயா இருக்கட்டும்க்கா" என்று யாராவது கேட்டால் அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுவாள். கையைத் தூக்கும்போது பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அவள் தனிக்கட்டை. கல்யாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. வாசல் அறையிலேயே மெஷின். காலையில் உட்கார்ந்தால் முதுகு ஒடிய மிதிப்பாள். இருந்தும் என்ன, வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலையை வேலை என்று எவன் ஒத்துக்கொள்கிறான்? சட்டைப் பையில் அடையாள அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே போய் அங்கே தூங்கினாலும் அது வேலை.

ஆகவே குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கூட இருக்கிற ஆள் அவள்தான். அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது அவள். தங்கையின் ரெண்டு பிரசவத்துக்கும் அவள். தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்தபோதும் அவள். கடைசியில் தம்பியின் மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மனுஷனுக்குக் கல்லுக்குண்டு மாதிரி ரெண்டு மகன்கள் இருக்கிறார்கள். தம்பி பெண்டாட்டி கூசாமல் வந்து நின்றாள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ் இருக்கு அண்ணி. நீங்கதான் ஃப்ரீ."

யாரோ ஒரு கிழவருக்கு மூத்திரப் பை மாற்றிக்கொண்டு டெய்லரக்கா அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாரத்தில், வருஷா வருஷம் அவளிடம் வரும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு அவளுக்கே வந்தது. பித்தப்பையில் கல். விலாவுக்குக் கீழே வலி பிடித்தால் மெஷின்மேலேயே கவிழ்ந்துவிடுவாள். இனி தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி நாள் குறித்தார். குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் அவள் செய்தி போட்டாள். தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். தங்கை கும்பிடும் கையைப் போட்டாள். தம்பி மகள் ஒரு சிவப்பு இதயம். யார் வருகிறீர்கள் என்று கேட்க அவளுக்கு ரோஷமாக இருந்தது. இதைக்கூடவா கேட்டு வாங்க வேண்டும்? வருவார்கள் என்று நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே ஆட்டோவில் போய்ப் படுத்தாள்.

காலையில் நர்ஸ் வந்து கேட்டாள், "கூட யாரும்மா?"

"வருவாங்க."

"ஆள் இல்லாம தியேட்டருக்கு அனுப்ப மாட்டோம். பத்து மணிக்குள்ள வரலைன்னா உங்க இடத்துல வேற பேஷன்ட்ட எடுத்துருவாங்க. அப்புறம் அடுத்த மாசம்தான்."

டெய்லரக்கா தங்கைக்குப் போன் போட்டாள். "வீட்ல பெயின்ட் அடிக்க ஆளுங்க வந்திருக்காங்கக்கா. அண்ணன் இருப்பான்னுல்ல நெனச்சேன்" என்றாள் தங்கை. சுவருக்குப் பெயின்ட் காயாவிட்டால் குடி முழுகிப்போகும் பாருங்கள்.

அடுத்து தம்பி.

"கூட யாருக்கா இருக்காங்க?" என்றான் அவன்.

"யாருமில்லடா."

"ஏன்? எப்பவும் நீதானே இருப்ப?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அவசரமாகத் தொண்டையைக் கனைத்தான்.

"டேய், கட்டில்ல படுத்துக்கிட்டே பக்கத்துல ஸ்டூலையும் போட்டு நானே உக்காரணுமாடா?"

"கோவப்படாதக்கா. ஃப்ரீயா விடு. நான் வேணும்னா ஒரு ஆளுக்குக் காசு குடுத்து ஏற்பாடு பண்றேன்."

அவ்வளவுதான். டெய்லரக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும்.

"உன் மாமனாருக்கு நான் பீத்துணி அலசுனப்ப ஆளுக்குக் காசு குடுத்தா வச்ச? காமாலையில நீ மஞ்சமஞ்சளா வாந்தி எடுத்தியே, கையில ஏந்துனது யாருடா? காசு வாங்குன ஆளா? பத்து மணிக்குள்ள நீ இங்க நிக்கல, இந்தப் பையோட நேரா உன் ஆபீசுக்கு வருவேன். உன் மேனேஜர் மேசைக்கு முன்னாடி கால நீட்டிப் படுப்பேன். இந்தா பாருங்க சார், இவந்தான் என் தம்பின்னு சொல்லுவேன். சாகுறதுன்னாலும் அங்கதான் சாவேன்!"

தம்பி வந்துவிட்டான். வேர்த்து விறுவிறுத்து, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான். ஒரு ஃப்ளாஸ்க் இல்லை, ஒரு துண்டு இல்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

"இவங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று நர்ஸ் கேட்டாள். தம்பி அக்காவைப் பார்த்தான்.

"வயசு?"

அதற்கும் அக்காவைத்தான் பார்த்தான். கூடப்பிறந்தவளின் வயசு. கல் குத்திய வலியெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளே சொன்னாள். தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது அழுதாள். நர்ஸ் பயம் என்று நினைத்துக்கொண்டு தோளைத் தட்டினாள். பயமாவது மண்ணாவது, அத்தனையும் ஆத்திரம்.

கண் விழித்தபோது வாய் வறண்டிருந்தது. வயிற்றில் நெருப்பைக் கொட்டியதுபோல எரிந்தது. கட்டில் பக்கத்தில் தம்பி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நின்றான். தலையெல்லாம் கலைந்திருந்தது.

"அக்கா, வலி மருந்து உடனே வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. ரெண்டு மாடி ஏறி எறங்கிட்டேன், மருந்து குடுக்குற ஜன்னல் எங்கன்னே தெரியல. கேட்டா ஆளுக்கொரு பக்கம் கையக் காட்டுறாங்க. உனக்குத் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? இத்தனை பேருக்கும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கிடந்தது இதே ஆஸ்பத்திரியில்தானே. கேன்டீனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் பச்சைக் கதவு, அதற்கடுத்த ஜன்னல். கூட்டமே இருக்காது. உள்ளே உட்கார்ந்திருக்கிற மனுஷன் டெய்லரக்கா என்றால் எழுந்து வந்தே கொடுப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் வாங்கி வருவாள்.

அவள் தம்பியை நன்றாகப் பார்த்தாள்.

"தெரியாதுடா" என்றாள்.

அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சீட்டோடு வெளியே போனான். வலி இடுப்பு வரைக்கும் இறங்கியது. அவள் தலையணை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வலித்தால் வலிக்கட்டும், அவன் தேடட்டும்.