பஸ், பஸ்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் மேஸ்திரியாக இருந்தேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது.

ஒரு மழைநாளில் பச்சைக்காய் மூட்டைகளைச் சரிவில் இறக்கி ஜீப்புக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவள் தலையில் ஒரு மூட்டையை வைத்தேன். இரண்டாவதைத் தூக்கியதும், "பஸ், பஸ்" என்று கையை ஆட்டினாள்.

"பஸ்சு சாயங்காலந்தான் ஆத்தா வரும். வெரசா நட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கெஞ்சக் கெஞ்ச அதையும் ஏற்றிவிட்டேன். பத்தடி போவதற்குள் வழுக்கி உருண்டாள். கால் முறிந்துவிட்டது.

போடி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நடந்ததைச் சொன்னேன். ஜீப் டிரைவர் வடக்கே லாரி ஓட்டியவர். "அண்ணே, இந்தியில பஸ்னா போதும்னு அர்த்தம்" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்காக அல்ல, என் வேலை போய்விடுமே என்றுதான்.

எப்படி விழுந்தாள் என்று டாக்டர் என்னிடம்தான் கேட்டார்.

"தானா வழுக்கி விழுந்துருச்சு சார்."

டாக்டர் அவளைப் பார்த்தார். நான் அவளுக்காக ஏதோ நல்லது பேசுவதாக நினைத்து, அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.