அழித்த பெட்டி

வெண்டாமரைமேல் வீற்றிருந்து நாவுக்குச் சொல்லும் விரலுக்குத் தொழிலும் அருளும் தாயே, நான் பிழைபடக் கேட்ட ஒரு சொல்லை எழுதப் புகுகின்றேன், துணை நில்.

அன்று துர்க்காஷ்டமி. மாலையில் பூசை வைப்பு. ஏட்டையும் கருவியையும் தேவிமுன் வைத்துவிட்டால் விஜயதசமி வரை தொடலாகாது. பத்மநாபபுரத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் தமிழோடு கைவினை வகுப்பும் நடத்திவந்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மண்விளக்குச் செய்து பலகையில் வைத்திருந்தனர். பூசைப் பூவுக்கென்று நான் முடைந்து அலமாரியில் வைத்த பனையோலைப் பெட்டியைக் காணவில்லை. அலமாரிக் கதவில் ஈரக் களிமண் விரல்தடம்.

ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். எல்லாக் கையிலும் மண். தலைகுனிந்திருந்தவள் ஒருத்தியே: மார்த்தாண்டத்துக்கு மேற்கேயிருந்து அவ்வாண்டு வந்து சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுமி. “எனக்க வெளக்கும் வைக்கலாமா டீச்சர்?” என்று காலையிலிருந்து மும்முறை கேட்டவள். முந்தைய வாரம் அவள் முடைந்த பெட்டி மூலை கோணி, மற்றவர் சிரித்தனர். அந்தப் பொறாமையோ? அவள் கழுத்தில் கிடந்த சிறு சிலுவையும் என் ஐயத்துக்கு உரமாயிற்று, எழுதக் கூசுகின்றேன்.

“பெட்டி எங்கே?”

“நான் அழிச்சேன், டீச்சர்.”

தேவிக்கென்று வைத்ததை அழித்தாளாம்! அதையும் கண் கலங்காமல் சொல்கிறாளே என்று நெஞ்சு கொதித்தது. “உன் விளக்கு பூசைக்கு வேண்டாம், எடு” என்றேன். எடுத்துப்போய் மண்வாளியில் போட்டுப் பிசைந்துவிட்டாள்.

பின்வரிசையில் ஒருத்தி வெடித்துச் சிரித்தாள். “டீச்சர், அவ நாசமாக்கல்ல. அவிய ஊருல அழிக்கதுன்னா அவுக்கதாக்கும். ஏட்டி, வாயத் தொறந்து சொல்லேன்!”

நான் நம்பவில்லை. “காட்டு” என்றேன். சிறுமி பையைத் திறந்தாள். நனைத்த கைக்குட்டைக்குள் ஓலைக்கீற்றுகள், ஒன்றும் முறியாமல், பென்சிலால் எண்ணிடப்பட்டு இருந்தன.

“மூலை எப்பிடி மடக்குததுன்னு பாத்தேன். பெல்லடிக்கதுக்குள்ள திருப்பி முடஞ்சிரலாம்னு நெனச்சேன்.”

ஆண்டுக்கணக்காய்ப் பாசுரங்களுக்குப் பொருள் சொன்ன எனக்கு அச்சிறு சொல்லின் பொருள் விளங்காமற் போயிற்று. வெளியே பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிப்போகும் வேன் ஆரன் அடித்தது. ஓடிப்போய்ச் சற்றே காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்து, “பெட்டியை நான் முடைகிறேன்” என்றேன்.

“வேண்டாம் டீச்சர். நான் அழிச்சத நானே முடையுதேன். நீங்க எனக்க வெளக்கச் செய்யுங்க. வாய் கோணாமப் பாத்துக்கிடுங்க!”

வாளியில் கையை விட்டேன். ஈரம் காயாத அவ்விளக்கில் அன்று திரியிட இயலவில்லை. வெறும் விளக்காகவே, திருப்பி முடைந்த பெட்டியோடு, அவளே தன் கையால் தேவிமுன் வைத்தாள்.

இதனைப் படிப்போர் இல்லந்தோறும் கல்வி சிறக்க. கேட்கும் பொறுமை அவர் செவிக்கு வாய்க்க. யாவரும் நலம்பெற்று நீடு வாழ்க.