சாமைப் பொங்கலுக்குப் போன பெண்

உத்திரமேரூரில் மலைப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது. அங்கே நான் சமையல் செய்கிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஜவ்வாது மலையிலிருந்து வந்து தங்கிப் படிக்கிற அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கே ஏதோ பெருமையாக இருக்கும். வெளியாள் யாராவது வந்தால் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். "ஆயா, போட்டோ எடுக்குறாங்கோ, ஓடு ஓடு!" என்று கேலி செய்வார்கள்.

அவர்களில் பன்னிரண்டாவது படித்த ஒருத்தி மேல் எனக்குத் தனிப் பிரியம். நர்ஸ் ஆகவேண்டும் என்பாள். மலையில் பிரசவ வலி எடுத்தவர்களை டோலி கட்டித் தூக்கி வருகிற கதையெல்லாம் சொல்வாள். நன்றாகப் படிப்பாள், பாடவும் செய்வாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், விடுதிக்கு உதவி செய்கிறவர்கள் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. மலைப் பிள்ளைகள் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் மறந்துவிடக் கூடாது என்று அவர்களுக்கு ஆசை. அதற்காக ஒரு விழா. வார்டன் அம்மா அலைந்து திரிந்து சேலை வாங்கினார், மேடை போட்டார், அங்கேயே சாமைப் பொங்கல் வைக்கவும் ஏற்பாடு செய்தார். பாட்டுக்கு முதல் ஆள் இவள்தான்.

விழாவுக்கு முதல் நாள் இவளுடைய அப்பா வந்து நின்றார். அவர்கள் ஊரில் புதுச் சாமையைச் சாமிக்குப் பொங்கிப் படைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். முதல் கூடையைச் சுமக்க வேண்டியது அவர் வீட்டு மூத்த பெண், அதாவது இவள். ஊர் கூடிக் குறித்த நாள், எங்கள் விழா நாளாகவே அமைந்துவிட்டது.

"ரெண்டு நாள் லீவு குடுங்க மேடம். நானே கொண்டாந்து வுட்டுடுறேன்."

"நாளைக்கு இங்கயும் அதே பொங்கல்தான வைக்கப் போறோம்? இவ இங்கயே கூடையத் தூக்கட்டுமே" என்றார் வார்டன் அம்மா.

"இங்க எங்க சாமி இல்லியே மேடம்" என்றாள் பெண், மெதுவாக.

வார்டன் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்களுக்காகத்தான நாயா அலையிறேன்? போறதுன்னா போ. திரும்பி இந்தப் பக்கம் வராத!"

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. என் மகளை நான் எத்தனையோ முறை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அவள் அப்பாவோ, "சரிங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டு, மகளைப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

நான் வாசல் கேட் வரை ஓடினேன். "அது ஏதோ கோவத்துல சொல்லிச்சி நைனா. திங்கக்கெழம இட்டுக்கினு வந்துடு."

"படிச்சவங்க சொல்லிட்டாங்களேம்மா" என்றார்.

விழா நடந்தது. வேறொரு பெண் பாடினாள். திங்கட்கிழமை காலையில் வார்டன் அம்மாவே அடுக்களைக்கு வந்து, "அவளுக்கும் சேத்து அரிசி போட்டியா?" என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. "வராம எங்க பூடுவா?" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் வந்தவாசி, போளூர் என்று பஸ் மாறி மலையேறினோம். அவள் அப்பா வாசலில் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்தார்.

"அவ திருப்பூர் போய்ட்டாளே மேடம், பனியன் கம்பெனிக்கு. சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க."

"பரீட்சை வருதே! என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"வராதன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். வார்டன் அம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நம்பர் வாங்கி அவளிடம் பேசியும் பார்த்தார். "சேந்துட்டேன் மேடம், இப்ப வுட மாட்டாங்க" என்றாளாம்.

போன வருஷம் வார்டன் அம்மா மலைப் பொங்கல் என்றைக்கு என்று முதலில் விசாரித்துவிட்டு, விழாவை ஒரு வாரம் தள்ளி வைத்தார். சென்னைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. "அதுக்கென்ன, வரோம்" என்றார்கள். இத்தனை சுலபமாக முடிகிற காரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

லீவுக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவள் ஊர்ப் பெண்ணிடம் கேட்டேன்: "அவ வந்தாளாடி பொங்கலுக்கு?"

"இல்ல ஆயா. அவ தங்கச்சிதான் கூடையத் தூக்கிச்சி. அக்காவுக்குக் கம்பெனில லீவு குடுக்கலியாம்."