கேஜ் தாளில் நான்கு கையெழுத்து

பட்டறையில் ஏதாவது கெட்டுப்போனால் சந்திரிகா முதலில் ஆட்களின் முகத்தைப் பார்ப்பாள். கெட்டுப்போன பொருளைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவள் டிரேயைத் தட்டும் சத்தம் கேட்டதுமே எல்லோரும் குனிந்துகொள்வார்கள். தனக்கு இப்படியொரு பழக்கம் இருப்பது சந்திரிகாவுக்கு மட்டும் தெரியாது.

மராத்தி ஊரான கசார்வாடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சின்னப் பட்டறை. பைக் பிரேக்கில் போடும் இரும்புப் பின்களைக் கடைந்து, அளவு பார்த்து, பிம்ப்ரியில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவார்கள். அளவு பார்க்கும் மேஜையில் ஆறு பெண்கள். கல்யாணமாகி வேலூரிலிருந்து வந்த சந்திரிகா, அதே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்து சூப்பர்வைசர் ஆனவள். கதவோரம் ஒரு வெள்ளை போர்டு இருந்தது. யார் கையில் தப்பு நடந்ததோ அவர் பெயரைச் சிவப்பில் எழுதி, வேலை முடியும்வரை அழிக்காமல் வைப்பாள். அது அவளே கொண்டுவந்த ஏற்பாடு.

"பேப்பர்ல பேரு வந்த மாதிரிதான்க்கா. போட்டோ மட்டும்தான் குறை" என்பாள் மேஜைப் பெண்களில் ஒருத்தியான ஷீலா. சந்திரிகாவும் சேர்ந்து சிரிப்பாள்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, புதனிலிருந்து மூன்று நாளாக அனுப்பிய பின்கள் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. தடிமன் கூடுதல். பெட்டிகளில் இருந்த சீட்டெல்லாம் அதே மேஜையில் அளவு பார்க்கும் ஜோசபினின் நம்பர். ஏரவாடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்; அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. முதலாளி ஜெயந்த், "யார்?" என்று மட்டும் கேட்டார். சந்திரிகா பெயரைச் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று ஜோசபினிடம் சொல்லிவிடும்படி இந்தியில் சொல்லி அனுப்பினார்.

சொல்லப் போன சந்திரிகா, ஜோசபினின் கேஜைக் கையில் எடுத்தாள். வாய் பிளந்த இரும்புத் துண்டு அது. அந்த வாய்க்குள் நுழையும் பின் சரி, நுழையாதது கழிவு. சரிபார்ப்பதற்கென்று வைத்திருக்கும் தடித்த பின்னை நுழைத்துப் பார்த்தாள். நுழையவே கூடாதது, தாராளமாக நுழைந்தது. கீழே விழுந்து அடிபட்டால்தான் கேஜின் வாய் இப்படி அகலும்.

"இது எப்போ கீழ விழுந்துச்சு?"

"செவ்வாக்கெழமைக்கா. என் கைதான் தவறிடுச்சு."

"அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம்னு எந்திரிச்சேன்க்கா. போர்டுல ஷீலா பேரு இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

ஷீலா தலை நிமிரவில்லை. "நீங்க மொகத்தப் பாத்தா எங்களுக்குப் பேச்சே வராதுக்கா" என்றாள்.

சந்திரிகாவுக்குக் கோபம்தான் வந்தது. விவரத்தை எழுதிக்கொள்ளலாம் என்று கேஜ் தாளை எடுத்தாள். தினமும் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கேஜையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது சூப்பர்வைசர் வேலை. புதன், வியாழன், வெள்ளி, அன்றைய சனி என்று நாலு நாளும் அவள் கையெழுத்து இருந்தது. நாலு நாளும் அவள் கேஜைத் தொடவில்லை. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டே போயிருந்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. ஒரு வருஷம்கூட இருக்கலாம்.

அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க டிபனைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தாளோடு மாடியில் ஜெயந்தின் அறைக்குப் போனாள்.

"கேஜ் விழுந்தது ஜோசபின் கையால சார். பாக்காமலே பாத்ததா கையெழுத்துப் போட்டது நான். அவ சொல்லப் பயந்ததும் என்னாலதான்."

ஜெயந்த் தாளைப் புரட்டினார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் சார்."

கீழே வந்து, வேலை முடிந்ததும் ஆறு பேரிடமும் அதையே சொன்னாள், இந்தியிலும் தமிழிலுமாக, திக்கித் திக்கி. ஷீலா பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றாள்.

ஜோசபின் இப்போதும் அதே மேஜையில்தான் வேலை செய்கிறாள். கேஜ் சரிபார்க்கும் பொறுப்பை ஜெயந்த் ஸ்நேஹா என்ற மராத்திப் பெண்ணிடம் மாற்றிவிட்டார். சந்திரிகா ஏன் என்று கேட்கவில்லை. போர்டில் இப்போது பெயர் இல்லை, அன்றன்றைய கழிவின் எண்ணிக்கை மட்டும் எழுதுகிறார்கள். போன மாதம் இரண்டு கேஜ் கீழே விழுந்தன. இரண்டையும் அன்றன்றே கொண்டுபோய்க் கொடுத்தார்கள், ஸ்நேஹாவிடம். சந்திரிகாவிடம் நேரே வந்து இதுவரை யாரும் சொன்னதில்லை.