கிருபாகரன் கட்டிய படிகள்

பூந்தமல்லியில் பழைய கல் மண்டபத்துக்கு முன்னால் இருந்த திடல் சரிவானது. மேலே மண்டபம், கீழே பேருந்துச் சாலை. அந்தச் சரிவைக் குறை என்று நினைத்தவர் கிருபாகரன் ஒருவர்தான்.

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அங்கே அவரைக் கண்டால் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். ஓய்வு பெற்று அடுக்ககத்துக்கு வந்தபின் காவலாளிகூட எழவில்லை. அந்த எரிச்சலைத் தீர்க்க மனிதருக்கு ஒரு திடல் தேவைப்பட்டது. மகளைப் பார்க்க ஜெர்மனிக்குப் போனவர், அங்கே ஏதோ சதுக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் திடல் மேம்பாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கித் தன்னையே தலைவராக்கிக்கொண்டார்.

வரைபடம் போட வந்த கௌதம், சரிவை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் மரங்களும் உட்காரத் திண்டுகளும் வைத்தால் போதும் என்றார்.

"சரிவு பட்டிக்காடு மாதிரி இருக்கு தம்பி. கிரானைட்ல படி போடுங்க. பாக்கிறவன் அசரணும்."

சரிவில் தள்ளுவண்டியின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து ஆப்பக்கடை போட்டிருந்தாள் சரசா. வண்டியை எடுக்கச் சொல்லக் கிருபாகரனே போனார்.

"படி கட்னா வண்டி எப்டி சார் ஏறும்?"

"ஏறக் கூடாதுன்னுதான் கட்டறோம்."

சரசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டு சார். நீயே ஏறி எறங்கிகினு இரு."

அவர் மனைவி ஷோபனாவுக்கு முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. மாலையில் வாக்கரைப் பிடித்தபடி சரிவில் ஏறி, சரசாவோடு பேசிக்கொண்டே ஆப்பம் சாப்பிடுவதுதான் அவள் வீட்டை விட்டு வெளியே வரும் ஒரே நேரம்.

"நான் எப்படிங்க ஏறுவேன்?"

"உனக்காகத்தான் ஓரத்துல சாய்வுப் பாதை வருதே."

வந்தது. கூடவே திறப்பு விழாக் கல்வெட்டும் வந்தது. சாலையில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கிருபாகரன் தேடிப்பிடித்த இடம், சாய்வுப் பாதையின் வாய். ஆளுயரக் கறுப்புக் கல்லில் அவர் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. ஒருக்களித்தால் ஆள் நுழையலாம், வாக்கர் நுழையாது.

விழாவன்று சால்வையோடு மேலே நின்றவர், கீழே நின்ற மனைவியை ஒலிபெருக்கியில் அழைத்தார்.

"கல்லைத் தள்ளி வைங்க, வர்றேன்" என்றாள் ஷோபனா.

"இன்னைக்கு நட்டதை இன்னைக்கே பிடுங்குவாங்களா? ஆளுங்களை விட்டுத் தூக்கச் சொல்றேன்."

"நான் என்ன மூட்டையா?" என்று திரும்பி நடந்தாள். அவர் அடுத்த சால்வைக்குக் கழுத்தை நீட்டினார்.

கிரானைட் வெயிலில் கொதித்தது. திடலில் ஆள் நடமாட்டம் இல்லை. சரசா எதிர்ச்சந்தில் கடை போட்டாள். ஷோபனாவுக்கென்று அங்கே ஒரு நாற்காலி கிடந்தது.

ஒரு மாலை கிருபாகரன் அந்தச் சந்துக்கே வந்தார். கல்வெட்டு ராத்திரியில் தெரிவதில்லையாம், விளக்குப் போடக் குழு முடிவு செய்திருக்கிறதாம். பெருமையோடு சொன்னார்.

ஷோபனா ஆப்பத்தைப் பிய்த்தபடி, "போடுங்க. இருட்டுல யாராவது முட்டிக்கப் போறாங்க" என்றாள்.