மீன் பெட்டியில் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் நைனாவுக்குச் சத்தம் ஆகாது. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த சந்து வீட்டைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சந்து முனையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பகல் முழுக்க வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும். வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடும். மேல்வீட்டில் நான்கு பிள்ளைகள். நைனா வேலை பார்த்ததோ, காய்ச்சிய இரும்பை மெஷின் சம்மட்டியால் அடித்து லாரிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில். இத்தனையையும் சகித்துக்கொண்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் டிவி போட்டால் மட்டும் பத்தே நிமிடத்தில் "ஒரே பேஜாரா கீது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடலோரத்தில் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் மேல் உட்கார்ந்திருந்துவிட்டுப் பொழுது சாய்ந்துதான் வருவார்.

முன்பெல்லாம் அவர் அப்படி இல்லை. மாதம் ஒரு முறையாவது ராயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் காட்டுவார். தியேட்டரில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காமெடி வந்தால் எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் அவர் சிரிக்க ஆரம்பிப்பார். எங்களோடு தங்கியிருந்த சித்தி, அம்மாவின் தங்கை, அதற்கு "மாமா ரெண்டாவது ஷோ" என்று பெயர் வைத்திருந்தாள். நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது தியேட்டருக்குப் போவதே நின்றுபோயிருந்தது. வீட்டிலும் உட்காரமாட்டேன் என்றால் அம்மா என்னதான் நினைப்பாள்? "நம்ம மூஞ்சியே அவருக்குப் புடிக்கலடி" என்று சித்தியிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

சித்தி ராயபுரத்தில் கப்பல் சரக்குக்கு ரசீது அடித்துக் கொடுக்கும் ஆபீசில் இருந்தாள். கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தானே ஸ்க்ரூ கழற்றிப் பழகியவள். ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைத் தள்ளிவிட்டபோது சல்லிசாக ஒன்றை வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அதை டிவியோடு சேர்த்துவிட்டால் போதுமாம். விளம்பரம் கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம், வேண்டிய படத்தைப் பார்க்கலாம்.

"வூட்டையே தேட்டராக்கிக் காட்டறேன் மாமா. ஒரு படமாவது நீ எழுந்து போவாம பாக்கணும்" என்றாள்.

நைனா யோசித்தார். "சத்தம் போடாம இருந்தா பாக்கறேன்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நாங்கள் மூன்று பேரும் அதைக் கோயில் சத்தியமாக எடுத்துக்கொண்டோம். கம்ப்யூட்டர் சத்தம் போடாவிட்டால் நைனா எங்களோடு உட்காருவார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் ஞாயிறு சுவிட்சைப் போட்டதும் மாவு மில் ஓடுவதைப்போல ஒரு சத்தம் எழுந்தது. நைனாவும் எழுந்தார். சித்தி பெட்டியைத் திறந்தாள். எங்கள் பக்கம் காற்றில் பறக்கும் கரித்தூள் முழுவதும் அந்தக் குட்டி ஃபேனில் குடியேறியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபடி, "ஃபேனே இப்டி கீதுன்னா நம்ம நெஞ்சுக்குள்ள இன்னா லச்சணத்துல கீதோ" என்றாள். குட்டி ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் காற்று வரும், வேகமாகச் சுற்றினால் கத்தும். பெரிய ஃபேன் சோம்பேறியாகச் சுற்றினாலே போதும். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு பழைய பெரிய ஃபேனைத் தேடிப்பிடித்து வாங்கி, கரன்ட் குறைவாகப் போகும்படி ஒயரை மாற்றி மாட்டினாள்.

அடுத்த ஞாயிறு நைனா கண்ணை மூடிக் கேட்டார். "இன்னும் கொய்ங்னு கேக்குது."

உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் தகரத்தில் அதிர்வதாகச் சித்தி கண்டுபிடித்தாள். சைக்கிள் டியூபை வாராக வெட்டித் தூளி கட்டி அதைத் தொங்கவிட்டாள். பெட்டிக்கு அடியில் வைக்க ரப்பர் வேண்டுமென்றதும், நான் பொறுப்பாக ஒரு ஹவாய் செருப்பைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். அது அம்மா முந்தாநாள் வாங்கிய புதுச் செருப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்கிய அடியைவிட, "இன்னும் கேக்குது" என்று நைனா மறுபடியும் சொன்னதுதான் வலித்தது. தகரத்தில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்களுக்குக் காது கூர்மை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு கப்பல் வந்திருக்கிறது என்று ஆபீசில் சித்தியை அரைநாள் வரச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா முகத்துவாரக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் கேட்டாள்: "ஐஸையே ரெண்டு நாள் உருகாம வச்சிக்குது தெர்மாகோல் மீன் பொட்டி. அதுல வச்சா இது சூடாவுமா? சத்தமும் வெளிய வராது இல்ல?"

இதைவிடத் தெளிவான ஒரு வாதத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நானும் அம்மாவும் குப்பத்தில் இருந்த அம்மாவின் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு மீன் பெட்டியை வாங்கிவந்து, சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவிக் காயவைத்தோம். ஒயர் போக ஓட்டை போட்டோம். கம்ப்யூட்டரை உள்ளே இறக்கி, மூடி போட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டினோம். சுவிட்சைப் போட்டால் ஊசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி.

படம் ஆரம்பித்தது. நைனா உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆனது. அம்மா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். இருபது நிமிடம் ஆனது. நைனா தலையைத் தடவிக்கொண்டாரே தவிர எழவில்லை. எனக்குப் படம் ஓடியதே தெரியவில்லை. அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் லேசாகக் கருவாட்டு வாசனை வந்தது. சமையலறையிலிருந்து வருகிறது என்று விட்டுவிட்டோம். அப்புறம் வீடே நாறியது. டிவி கறுத்துப்போனது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தி ஓடிவந்து மூடியைப் பிய்த்தாள். வேகவைத்த மீன் சட்டியைத் திறந்ததுபோல அனல் அவள் முகத்தில் அடித்தது.

"இன்னாக்கா பண்ணிவச்சிக்கீற! ஐஸ் சூடு குடுக்காது, இது குடுக்கும். வெளிய போவ வேண்டிய சூட்ட உள்ளயே பூட்டு போட்டு வச்சிட்டியே!" என்று ஒயரைப் பிடுங்கினாள்.

அம்மாவுக்குக் கண் தளும்பிவிட்டது. நைனா அவளைச் சமாதானப்படுத்தினார். "வுடு, தெரியாமதான பண்ண. மொதல்ல அத்த ஆஃப் பண்ணு, இன்னும் கொய்ங்னு கத்திகினே கீது."

சித்தி கையில் பிளக்கோடு நின்றாள். "பிளக்கு என் கைல கீது மாமா."

"அப்ப இன்னா சத்தம் அது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தி மெதுவாகப் போய் மேலே ஓடிய ஃபேனையும் நிறுத்தினாள். பிறகு நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "மீன் கொழம்பு நல்லா இருந்துச்சா மாமா?" என்று கேட்டாள். நைனா திரும்பவில்லை. கறுத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி இன்னொரு முறை கேட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா அவர் எதிரில் போய் உட்கார்ந்து உரக்கக் கேட்டாள். "எத்தினி நாளாய்யா இப்டி கீது?"

நைனாவுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. "எல்லாருக்கும் இல்லியா இது? கம்பெனில எல்லாருக்குந்தான் கீது" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கல்லாம் சிரிக்கறப்ப நான் மட்டும் இன்னான்னு தெரியாம முழிச்சிகினு குந்தினு இருக்கணும். அதான் எழுந்து பூடுவேன்."

அம்மா அழுதாள். கம்ப்யூட்டர் பாழாய்ப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "காஞ்சா ஓடும்மா" என்று நான் தேற்றினேன்.

அந்த வாரம் நைனாவும் அம்மாவும் மீஞ்சூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். தாம்பூலப் பை இல்லாமல் திரும்பி வந்ததற்கு நான் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவர்கள் போனது காது டாக்டரிடம் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது. பதினெட்டு வருடச் சம்மட்டிச் சத்தம் நைனாவின் காதில் பாதியைத் தின்றுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கொய்ங்கை வைத்துவிட்டுப் போயிருந்தது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாராம் டாக்டர். நைனா காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பின்னாளில் காது கேட்கும் மெஷின் வந்தது. நைனா தன் கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவரையும் இழுத்துக்கொண்டு போய் அதே டாக்டர் முன்னால் உட்காரவைத்தார். சத்தத்தைத் துரத்திக்கொண்டு நாங்கள் ஒரு மாதம் தப்பான பெட்டியைக் குடைந்திருக்கிறோம். ஆனால் அதைக் குடையாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மீன் பெட்டி நாறியதற்கு மறு ஞாயிறு. மூடியில்லாமல் காற்றாட அலமாரியில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர், லேசான மீன் வாசனையோடு நல்லபடியாகவே ஓடியது. சித்தி ஒரு பெரிய ஹெட்போனும், சத்தத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் ஒரு சின்னப் பின்னும் கொண்டுவந்திருந்தாள். ஸ்பீக்கர் எங்களுக்கு, ஹெட்போன் நைனாவுக்கு. கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தி அழுத்தி ஏற்றி, "இப்ப மாமா? இப்ப?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவர் கையைத் தூக்கி, போதும் என்றார்.

படத்தில் ஒருவன் மாமியார் வீட்டு நாயிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி வந்தது. திடீரென்று ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. நைனா. எங்கள் முகத்தைப் பார்க்காமல், டிவியைப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா டிவியைப் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"இன்னிக்கு மாமா மொதல் ஷோ" என்றாள் சித்தி, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தபடி.

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. எப்படி அவர் மட்டும் முதலில் சிரிக்கலாம்? சித்தியைக் கேட்டேன். "ஒயர்ல சத்தம் சீக்கிரம் வந்துடும்டி" என்றாள். நான் நம்பினேன். நானும் சீக்கிரம் சிரிக்கவேண்டும் என்று ஹெட்போனைக் கேட்டு அடம்பிடித்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நைனா அவள் கையைத் தடுத்து, ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார்.

லாரி ஹாரனை நேராகக் காதுக்குள் நுழைத்தது மாதிரி இருந்தது. அலறிக்கொண்டு பிடுங்கி அவரிடமே கொடுத்தேன். அவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, வசதியாகக் காலை நீட்டி, அடுத்த காமெடிக்கும் முதல் ஆளாகச் சிரித்தார். சத்தமே ஆகாத மனிதர் இத்தனை சத்தத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை. படம் முடியும்வரை அவர் எழுந்து போகவில்லை.